எட்டுத் துண்டு முகம்

ஜூன் 4, ஞாயிறு

பழைய பேப்பர் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை பொறுக்கப் போனேன். கார்டு செய்ய அதைவிட நல்ல அட்டை கிடையாது. ஒரு பத்திரிகையில் நான்கு தேறும். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு எவ்வளவோ அவ்வளவுதான் கார்டு. இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை. அதற்குள் வரையலாம், ஒட்டலாம், நூலால் தைக்கக்கூடச் செய்யலாம். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதித் தபாலில் அனுப்பினால், பதிலுக்கு அவர்கள் செய்த கார்டு ஒன்று வரும். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ள மட்டும்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்தொன்பது பேர் இருக்கிறோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

கடையில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. இழுத்து மூடிய ஏதோ ஸ்டூடியோவின் சாமான்களோடு வந்ததாம். உள்ளே நிறைய காகித உறைகள். எடுத்தவர்கள் வாங்க வராமல் விட்டுப்போன பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்.

அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, எட்டிப் பார்த்தார். "யாரு மொகம்லாம்ட்டி இது?"

"தெரியாது அத்தை. வாங்க வராம விட்டது."

"வாங்க வராதவன் மொகத்த வீட்டுக்குள்ள கொண்டுட்டு வருவாளா ஒருத்தி" என்று முனகிக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டார்.

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியில் சாரல் விழுந்தால் எனக்கு இடது மணிக்கட்டு வலிக்கும். பழைய அடி.

ஜூன் 7, புதன்

அலுவலகத்தில் இரண்டு பேர் லீவு. தபால் அனுப்பும் டெஸ்பாட்சையும் நானே பார்த்தேன். பதின்மூன்று வருஷமாகிறது இந்த நாற்காலியில் உட்கார்ந்து. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அலுவலகம்தான். அவர் போன பிறகு வாரிசு வேலையாக எனக்குக் கொடுத்தார்கள்.

டின்னில் ஒரு உறையை எடுத்து வைத்திருக்கிறேன். 'வைத்தி, ரைஸ்மில், 14.8.2003' என்று மேலே பேனாவில் எழுதியிருக்கிறது. உள்ளே எட்டுப் பிரதி, எட்டும் ஒரே முகம். நாற்பது வயதிருக்கும். வலது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது. எட்டையும் வரிசையாக வைத்தால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்ப்பது போல இருந்தது.

எட்டுக் கார்டு செய்யப்போகிறேன். ஒவ்வொரு பிரதியிலும் ஒரே ஒரு துண்டு எடுத்தால் போதும். முழு முகம் வைத்து நான் கார்டு செய்வதில்லை. பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 11, ஞாயிறு

முடித்துவிட்டேன். நெற்றி, பிளந்த புருவத்தோடு வலது கண், இடது கண், மூக்கு, வாய், இரண்டு காதுகள், சட்டைக் காலரோடு நாடி. வலது கண்ணுக்குப் பின்னால் பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து ஒட்டிச் சுற்றிலும் சிவப்பு நூல் ஓட்டினேன். நன்றாக வந்திருக்கிறது.

குப்பைக் கூடையில் எட்டு முகம் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. ஒன்றுக்குக் கண் இல்லை, ஒன்றுக்கு வாய் இல்லை. மேலே வெங்காயச் சருகைப் போட்டு மூடினேன்.

ஜூன் 12, திங்கள்

குப்பை வண்டி வந்தது. ஆறு கார்டுகளைத் தபாலில் சேர்த்தேன். நெற்றியும் நாடியும் என்னிடம்.

ஜூன் 20, செவ்வாய்

கும்பகோணத்திலிருந்து மங்கையர்க்கரசி செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வலது கண் அவளுக்குத்தான் போயிருந்தது. வழக்கமாக 'அருமை அக்கா' என்று எழுதுவாள். இன்று, 'இந்தக் கண் உங்களுக்கு எங்கே கிடைத்தது?' என்று மட்டும் இருந்தது.

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. சுவரில் மாலை போட்ட போட்டோ. அதே புருவம், அதே பிளவு.

ஜூன் 21, புதன்

மங்கை போன் செய்தாள். முதல் தடவையாகக் குரலைக் கேட்கிறேன்.

"அக்கா, எங்கப்பா செத்து இருபத்தஞ்சு வருஷமாவுது. தொண்ணூத்தெட்டுல வீட்ட விட்டுப் போனாரு. பத்து நாள் கழிச்சு ரயில் தண்டவாளத்துல கெடந்தாருன்னு சொல்லித் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஒம்பது வயசு. அந்த போட்டோ எப்ப எடுத்ததுன்னு சொன்னீங்க?"

"ரெண்டாயிரத்து மூணு."

வருஷத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "மீதி முகம் எங்கக்கா?" என்றாள்.

வெட்டிவிட்டேன் என்றேன். குழுவில் கேட்டு எல்லாக் கார்டையும் திருப்பி வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

யாரோ எங்கேயோ தப்பாக அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் விஷயம் அப்படி இல்லை. 2009இல் வெள்ளம் வந்தபோது அவர் ஆற்றோடு போனார். எல்லாம் முறைப்படி நடந்தது. சட்டை அவருடையது. அடையாளம் சொன்னதே நான்தான்.

ஜூன் 24, சனி

சாரல். வலி. இட்லிக்கு அரைத்தேன். மிக்ஸி ஜாரின் பிளேடு தளர்ந்துவிட்டது.

ஜூன் 28, புதன்

மூக்கு வந்தது. சேலத்திலிருந்து.

ஜூன் 30, வெள்ளி

வாய். இடது கண்.

ஜூலை 1, சனி

வலது காது. கூரியர் பையன் மணியடிக்கும்போதெல்லாம் அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். மேஜையில் இருந்த இடது கண்ணைக் கவிழ்த்து வைத்ததும் அவர்தான். கேட்டதற்கு, "அது என்னையே பாக்கு" என்றார்.

ஆற்றில் எடுத்த உடம்பில் இருந்தது நீலக் கோடு போட்ட சட்டை. வீட்டுக்காரர் அன்றைக்கு நீலக் கோடு சட்டைதான் போட்டுக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 5, புதன்

இடது காது. மங்கை ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். வலது கண்ணைக் கையோடு கொண்டுவருவாள்.

ஜூலை 9, ஞாயிறு

காலை ரயிலில் வந்து இறங்கினாள் மங்கை. மெலிந்த பெண், மூக்குக்கண்ணாடி. அத்தைக்குக் கும்பகோணம் வெற்றிலை வாங்கி வந்திருந்தாள். காப்பி குடிக்கும் வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

தரையில் பாய் விரித்துக் கார்டுகளை அடுக்கினோம். மேலே நெற்றி, அதன் கீழ் இரண்டு கண், ஓரங்களில் காது, நடுவே மூக்கு, வாய், கடைசியில் நாடி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் பின்னணி. துண்டுகளுக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளி. ஆனாலும் ஒரு முகம் பாயில் இருந்து எழுந்து வந்தது. ஒரு முறம் அளவுக்கு. மங்கை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நரைச்சிருக்காருக்கா" என்றாள். "காதுகிட்ட நரைச்சிருக்கு பாருங்க. சாவும்போது அவருக்கு நரையே கெடையாது."

அத்தை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

ஆட்டோ பிடித்து ஊரில் இருக்கிற ரைஸ்மில்களுக்குப் போனோம். மூன்றாவது மில்லில்தான் தெரிந்தது. எடை போடுகிற பெரியவர் கார்டுகளின் போட்டோவைப் போனில் பார்த்துவிட்டு உடனே சொன்னார்.

"நம்ம வைத்தில்லா. மூணு வருசம் இங்கனதான் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருந்தாரு. சொந்தபந்தம் யாருமில்லன்னுதான் சொல்லுவாரு. ஏன், நீங்க யாரு?"

மங்கை போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். நான் கேட்டேன், "இப்ப எங்க இருக்காரு?"

"யாரு கண்டா? போட்டோ எடுத்துட்டு வாரேன்னு ஒரு நா போனாரு. வந்தாரு. மறுவாரம் காலையில பாத்தா பாயச் சுருட்டி வச்சிருக்கு, ஆளக் காணோம். நாங்களும் தேடத்தான் செஞ்சோம்."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எங்கம்மா இருபத்தஞ்சு வருஷமா வெள்ளிக்கெழமை வந்தா வாசல்ல நிக்கிறதில்லக்கா, யாராவது சுமங்கலி எதுக்க வந்துடுவாங்கன்னு. அவங்ககிட்ட என்னன்னு போயி சொல்றது?" கொஞ்சம் பொறுத்து, "எந்தம்பிக்கு அப்ப ஆறு வயசு. கையப் புடிச்சு வைக்கச் சொன்னாங்க. நாங்க யாருக்குக்கா கொள்ளி வச்சோம்? அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும்ல? இன்னும் அவங்க வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னா?"

அத்தை தட்டோடு எழுந்து கொல்லைக்குப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

சாயந்தர ரயிலில் மங்கையை ஏற்றிவிட்டேன். எட்டுக் கார்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

வெள்ளம் வந்த வருஷம் தீபாவளிக்குக் கூட்டுறவுக் கடையில் நீலக் கோடு சட்டைத் துணிதான் போட்டார்கள். ஊரில் பாதிப் பேரிடம் இருந்தது.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் கேட் அருகே ஒரு ஆண்குரல். "நாயகம்! ஏ, நெல்லைநாயகம்! இருக்கானா?"

கையிலிருந்த செம்பு விழுந்துவிட்டது. அத்தை அடுக்களையில் அப்படியே சுவரோடு சாய்ந்து நின்றார். நான் இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரருடைய பழைய கூட்டாளியாம். பதினைந்து வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து ஊருக்கு வந்திருக்கிறார். விஷயம் தெரியாது. ஆற்றோடு போனதைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். "தங்கமான பய" என்றார். அத்தை வெளியே வந்து, "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளையின் பெயரைக் கேட்டு ஏன் பயப்பட வேண்டும்?

ஜூலை 13, வியாழன்

கூடத்தில் அவருடைய படத்தைத் துடைத்தேன். இன்றுதான் யோசித்துப் பார்க்கிறேன். பதினான்கு வருஷத்தில் அத்தை இந்தப் படத்துக்கு ஒரு முழம் பூ வைத்ததில்லை. தாங்க முடியாத துக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

மத்தியானம் சாரல் விட்டு வெயில் அடித்தது. அத்தை முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பத்திரிகை அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"அந்தப் பிள்ள கேட்டுட்டுப் போச்சுல்லா."

"என்னது அத்தை?"

"யாருக்குக் கொள்ளி வச்சோம்னு."

நான் கட்டரைக் கீழே வைத்தேன்.

"வடிவு. அது எம்பிள்ள இல்லட்டி."

"நீங்க மொகத்தப் பாக்கவே இல்லியே அத்தை. மூடியில்லா வச்சிருந்தாவ."

"நீ கையெழுத்துப் போட அந்தப் பக்கம் போனே. போலீசுக்காரரும் உங்கூட வந்தாரு. நா துணியத் தூக்கிப் பாத்தேன். வீங்கித்தான் கெடந்தான். அதுக்காக? பெத்தவளுக்குத் தெரியாதா? மேப்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. நாடியில பயறு அளவுக்கு ஒரு மச்சம். யாரோ பெத்த பிள்ள."

"பெறகு ஏன் சொல்லல?"

அத்தை சுளகை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தார். "மூணு நா முன்னாலதான் உன் கையத் திருகி ஒடிச்சிட்டு வெளிய போனான். நீ மாவுக்கட்டோட நின்னு கையெழுத்துப் போடுதே. அந்தக் கட்டப் பாத்தேன். துணிய மூடிட்டேன்."

முற்றத்தில் குருவிகள் வந்து உளுந்துத் தொலியைக் கிளறின. இரண்டு பேரும் விரட்டவில்லை.

"நீ ஆளு தெரியாமச் சொல்லிட்டேன்னு நெனச்சேன்" என்றார். "தெரிஞ்சா துடிச்சுப் போவேன்னு உங்கிட்ட மறைச்சேன். அவன் திரும்பி வந்துரக் கூடாதுன்னு நா வேண்டாத சாமி இல்ல. பெத்த வயிறு வேண்டுத வேண்டுதலா அது?"

"தெரியாமச் சொல்லல அத்தை" என்றேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். மூடிய துணிக்கு வெளியே போலீஸ்காரர் ஒரு கையை மட்டும் எடுத்துக் காட்டினார். தண்ணீரில் ஊறியிருந்தும் மெலிந்த விரல்கள். கையகலம் சின்னது. அவருடைய கை என் முகத்தில் பாதியை மூடும். என்னை அடித்த கை எனக்குத் தெரியாதா? "இவங்கதானாம்மா?" என்று கேட்டார். அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, இவங்கதான்" என்றேன். முகத்தைக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பார்த்தால் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிடும்.

அத்தை வெகுநேரம் என் முதுகில் கை வைத்திருந்தார். பதினான்கு வருஷம் ஒரே அடுக்களையில் சமைத்திருக்கிறோம்.

ஜூலை 19, புதன்

அரைநாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரொம்பச் சின்ன வயது எஸ்.ஐ. 2009 நவம்பரில் ஆற்றில் எடுத்த ஆளின் போட்டோவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அந்தக் கேஸ் கட்டெல்லாம் எப்பவோ கழிச்சாச்சேம்மா. எதுக்குக் கேக்கீங்க?"

"அது எங்க வீட்டுக்காரர் இல்ல. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன பேசுதோம்னு தெரிஞ்சுதான் பேசுதீங்களாம்மா?"

தெரிந்துதான் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகவும் அதுவரை ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. அத்தையிடம் சொன்னபோது, "நாளைக்கு உள்ளதச் சமைப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். இருந்தால் இது அவர் காதுக்கும் எட்டலாம். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன்.

ஜூலை 20, வியாழன்

மங்கையிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எங்கவூட்டுல அடையாளம் சொன்னது எங்க சித்தப்பா. அவருக்கும் தெரிஞ்சிருக்குமோ?" என்றாள்.

ஜூலை 23, ஞாயிறு

போலீசில் படம் இல்லை. அந்த மனிதனின் முகம் இந்த உலகத்தில் இப்போது அத்தையின் கண்ணுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அத்தைக்கு எழுபத்து நான்கு வயது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு முகம் வரைந்து பழக்கமில்லை. முதல் மூன்று கார்டுகள் யாரைப் போலவும் இல்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

"மூக்கு இவ்வளவு நீளம் இல்ல. நுனியில கொஞ்சம் சப்பை... வீக்கத்தக் கழிச்சுப் பாரு. கன்னம் ஒட்டித்தான் இருந்திருக்கும், கழுத்து அப்படி மெலிவு."

"முடி?"

"சுருட்ட. நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. நாந்தான் ஒதுக்கிவிட்டேன்."

"வயசு என்ன இருக்கும் அத்தை?"

"இருபத்தஞ்சுக்கு மேல போகாது. மீச கூடச் சரியா வளரல."

இருபத்தைந்து. நான் கட்டி அழுததாக ஊர் நம்பிய அந்த உடம்புக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. அவருக்கோ அப்போது முப்பத்தெட்டு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வாயைத் திறந்தபடி வரைந்தேன், பல் இடைவெளி தெரிய வேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் பிணம் போலிருக்கிறது என்றார் அத்தை. அழித்துவிட்டுச் சிரிக்கிற மாதிரி போட்டேன். நாடியில் மச்சம் வைத்தேன். ஐந்தாவது கார்டு முடியும்போது மணி இரண்டாகியிருந்தது. அடுப்பே பற்றவைக்கவில்லை. இது சரியாக வந்தால் இதைப் பார்த்துப் பதினெட்டு வரைந்து, குழுவில் இருக்கும் பதினெட்டுப் பேருக்கும் அனுப்ப வேண்டும். எந்தெந்த ஊருக்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் நான்கு பேரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

கார்டை அத்தையின் கையில் கொடுத்தேன். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார்.

"இவந்தான்" என்றார்.

பிறகு நான் பக்கத்தில் நிற்பதையே மறந்தவர் மாதிரி, கார்டில் இருந்த நெற்றியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக் கேட்டார்:

"ஏய்யா, உனக்கு எந்த ஊரு?"